யானைக் கூட்டத்தில் எச்சில் போன கதை

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. சட்டைக் காலரை ஓயாமல் மெல்லும் தன் மகனை அழைத்துக்கொண்டு அண்ணி மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் காத்திருந்த ஒரு தாய் அவருக்குச் சொன்னாராம். அண்ணி எனக்குப் போனில் சொன்னார். இடையில் எது விட்டுப்போனது என்று தெரியவில்லை. கேட்ட வரைக்கும் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில், விலங்குகளுக்குப் பேச்சு இருந்தபோது, யானைகள் எச்சில் பார்த்தன. ஒரு யானையின் தும்பிக்கை இன்னொரு யானையின் வாயில் பட்டால் இரண்டும் போய்க் குளித்துவிட்டுத்தான் கூட்டத்தில் சேர வேண்டும். பெற்ற குட்டியானாலும் அதே வழக்கம்தான்.

அப்படி ஒரு கூட்டத்தில் மருதி என்ற யானைக்குக் குமிழி என்று ஒரு பெண் குட்டி. இடி இடித்தால், மரம் முறிந்தால், குரங்குகள் சண்டை போட்டால், குமிழி தன் தும்பிக்கை நுனியை வாய்க்குள் விட்டுச் சப்பத் தொடங்கிவிடுவாள். யார் சொன்னாலும் எடுக்கமாட்டாள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. தீனி தேடி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. கூட்டத்தை நடத்தியவள் மருதியின் அக்கா, குமிழிக்குப் பெரியம்மா. அவள் மருதியைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

“ஆழத்தில் தும்பிக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் மூச்சு. உன் மகள் நடு ஆற்றில் பயந்து அதை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.”

மருதிக்குத் தெரியும். அதனால், பெரியம்மா வேப்பிலையை மிதித்துக் கசக்கி, சாற்றைக் குமிழியின் தும்பிக்கை நுனியில் பூசியபோது அவள் தடுக்கவில்லை.

குமிழி சப்புவதை நிறுத்தினாள். எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் பார்த்தால், காது ஓரத்தைத் தும்பிக்கையால் பிய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ரத்தம் கசிந்தது. கசப்பு வாடையில் தண்ணீரின் வாசமும் தெரியாமல், குட்டைப் பக்கமே போகவில்லை.

“தும்பிக்கை தப்பித்தது, காது மாட்டிக்கொண்டது. அடுத்து வாலுக்கும் வேப்பிலை அரைக்க வேண்டியதுதான்” என்றாள் குமிழியின் சித்தி. இரண்டு பேர் சிரித்தார்கள். மருதி சிரிக்கவில்லை. குமிழியைக் குட்டைக்குத் தள்ளிக்கொண்டு போய், கசப்புப் போகும்வரை கழுவிவிட்டாள். பிறகு திட்டாமல் கேட்டாள்.

“அதை வாயில் வைத்தால் உனக்கு என்னம்மா ஆகிறது?”

குமிழி யோசித்தாள். “சத்தமெல்லாம் கொஞ்சம் தூரமாகப் போகும்” என்றாள்.



கூட்டம் ஆற்றங்கரைக்கு வந்தது. மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும், ஆறு பாறைகளில் மோதி இரைந்துகொண்டு ஓடியது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். குமிழி கரையிலேயே நின்றாள். தும்பிக்கை வாய்க்குள் போய்விட்டது.

“எடுக்கச் சொல் மருதி. இல்லையென்றால் இருவரும் இந்தக் கரையிலேயே இருங்கள்” என்றாள் பெரியம்மா.

இந்தக் கரையில் தின்ன ஒரு புல்கூட இல்லை. மருதி முன்னங்கால்களை மடக்கி, தலையைக் குட்டியின் உயரத்துக்குத் தாழ்த்தி, எல்லோரும் பார்க்க வாயைத் திறந்தாள்.

“இங்கே வை.”

“எச்சில் ஆகிவிடுமே, அம்மா.”

“ஆகட்டும்.”

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குமிழி தும்பிக்கை நுனியை அம்மாவின் வாய்க்குள் வைத்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு நிதானமாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போயிற்று. மருதி அவசரப்படுத்தவில்லை. குட்டியின் நடுக்கம் நின்ற பிறகு சொன்னாள்: “இப்போது மேலே தூக்கு. அக்கரையில் மறுபடி தருகிறேன்.”

இறங்கினார்கள். நடு ஆற்றில் ஒரு மரக்கட்டை இடித்துக்கொண்டு போனது. குமிழியின் தும்பிக்கை வாயை நோக்கி வளைந்தது. மருதி பக்கத்தில் நீந்தியபடியே வாயைத் திறந்து காட்டினாள், அவ்வளவுதான். அது அங்கேயே இருக்கிறது என்று தெரிந்ததும் குமிழி தும்பிக்கையை நிமிர்த்திக்கொண்டாள்.

அக்கரையில் மருதி சொன்னபடி வாயைத் திறந்தாள். குமிழி வைத்து எடுத்தாள். இருவரும் வழக்கப்படி தனியே குளிக்கத் திரும்பியபோது, பெரியம்மா குறுக்கே வந்து நின்றாள். கடந்த ஒவ்வொரு முறையும் அந்த ஆறு அவளையும் பயமுறுத்தியிருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. தன் தும்பிக்கை நுனியைத் தங்கையின் வாய்க்குள் வைத்தாள்.

அதன் பிறகு யாரும் குளிக்கப் போகவில்லை. குமிழி எப்போதாவது தன் தும்பிக்கையைச் சப்பினாலும் யாரும் வேப்பிலை தேடவில்லை.

அன்று முதல்தான் யானைகள் மிரளும்போது ஒன்றின் வாயில் ஒன்று தும்பிக்கையை வைத்துக்கொள்கின்றன.

எழுதுவதற்கு முன் சரிபார்த்தேன். யானைக் குட்டிகள் தும்பிக்கையைச் சப்புவது உண்மை. பதற்றத்தில் இருக்கும் யானையின் வாயில் இன்னொரு யானை தும்பிக்கையை வைத்துத் தேற்றுவதையும் ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கதையில் பயந்தவள் வைக்கிறாள். ஆய்வில் தேற்ற வருவதுதான் வைக்கிறது. அந்த இடத்தில் கதை மாறியிருக்கிறது. எச்சில் பார்ப்பதில்லை என்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.