யாரும் பார்க்கக் கூடாத கடிதம்

புனித எஸ்தாக்கியார் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயசு நெருங்கியபோது, அதன் சரித்திரம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. புத்திசாலிகளிடம் கொடுத்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் ரெக்டர் எரோணிமுஸ் சாமி, சொன்னதைச் சொன்னபடி செய்கிற மூன்று பேரைத் தேடினார். பாவம் மனுஷன், கிடைத்துவிட்டார்கள்.

வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கஸ்பார், குழுத்தலைவர். நூலகத்து சிஸ்டர் பெர்பெத்துவா, செயலாளர். ஆபீஸ் உதவியாளர் வியாகுலம், உறுப்பினர். தூக்குவது, துடைப்பது எல்லாம் அவர்தான்.

"ஒண்ணையும் விடாதீங்க. உள்ளதை உள்ளபடி ஏத்துங்க," என்றார் ரெக்டர்.

ஏற்றினார்கள். 1931-ஆம் வருஷத்து வருகைப் பதிவேட்டில் ஒரு கரப்பான் பூச்சி நசுங்கிக் கிடந்தது. அதையும் ஏற்றினார்கள். பதிவேட்டுப் பெட்டியிலிருந்து உயிரோடு ஓடிய மற்ற கரப்பான்களைப் பிடித்து ஏற்ற மூன்று நாள் ஆனது. அப்புறம் சிஸ்டருக்கு ஒரு சந்தேகம்: மந்திரிக்காத மிஷினில் சாமிமார் கையெழுத்தை வைக்கலாமா? தீர்த்தம் தெளித்தார். ஒரு சொம்பு நிறைய. முதல் ஸ்கேனர் அதோடு மோட்சம் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். வினை ஒரு கடிதத்தில் வந்தது.

பல்கலைக்கழகத்தை ஆரம்பித்த வெள்ளைக்காரச் சாமி, தமிழில் தம் கைப்பட எழுதிவைத்த ஒரே கடிதம் அது. உறையின்மேல், 'ரகசியம். ரெக்டர் தவிர யாரும் பார்க்கக் கூடாது' என்று இருந்தது. வரிசையாக வந்த ரெக்டர்கள் ஒருவருக்கும் அதைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவு கமிட்டி மீட்டிங். நூற்றாண்டு விழாவில் அதைப் பெரிய திரையில் காட்டுவதாக எரோணிமுஸ் சாமி ஆயரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆயரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "காட்டினா இன்னும் மூணு வருஷம் நீங்கதான் ரெக்டர். காட்டலேன்னா மலைமேல ஒரு பங்குக்கோயில் சாமியார் இல்லாம காலியா இருக்கு."

அந்த மலையில் அட்டைப்பூச்சி உண்டு, கரண்ட் கிடையாது.

உறையைப் பார்த்ததும் கஸ்பார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ரெக்டர் தவிர யாரும் பார்க்கக் கூடாதாம். இந்த ஸ்கேனர் ரெக்டரா?"

"எப்படி சார் ஆகும்?" என்றார் சிஸ்டர். "இது இன்னும் ஞானஸ்நானமே வாங்கலையே."

"பழசு வாங்கிச்சு," என்றார் வியாகுலம்.

"அதான் செத்துப்போச்சே!"

ஒரு மணி நேரம் யோசித்து, கடிதத்தை உறையிலிருந்து உருவி, எழுத்து மேலே பார்க்க, தாளின் வெறும் முதுகு மட்டும் கண்ணாடியில் படும்படி வைத்து ஸ்கேன் செய்தார்கள். மூன்று பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். மூடியை அமுக்கும்போது வியாகுலத்தின் விரல் நசுங்கிவிட்டது. ஐயோ என்று மூடியைத் தூக்கிக் கண்ணைத் திறந்தவர், கடிதத்தை முழுசாக வாசித்துத் தொலைத்தார்.

பயத்தில் அன்று மாலையே ஓடிப்போய் ரெக்டரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டுமல்லவா? முதல் வார்த்தையிலிருந்து கையெழுத்து வரை ஒப்பித்தார். ரெக்டர், "சரிப்பா, அதை அடியோட மறந்துடு. அதான் உனக்கு அபராதம்," என்று அனுப்பிவைத்தார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கடிதத்தில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் வியாகுலமே கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னார்.

சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், "ஸ்கேன் ஆனதும் அசலைக் காத்து, வெளிச்சம், பூச்சி எதுவும் படாத இடத்துல வையுங்க," என்று சொல்லியிருந்தார். மூவரும் வளாகம் முழுக்க அலைந்தார்கள். நூற்றாண்டுக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட்டுக்குள் காற்று ஏது, பூச்சி ஏது?

ஆறு மாதம் கழித்து விழா. ஆயர் கோபுரத்தை மந்திரித்துவிட்டு அரங்கத்துக்கு வந்தார். திரையில் பழுப்பாக ஒரு வெற்றுத்தாள் தெரிந்தது, ஓரத்தில் டீக்கறை. முன்வரிசையில் சிலர் பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அசலைக் கொண்டு வாங்கய்யா!" என்று அலறினார் ரெக்டர்.

கஸ்பார் ஜன்னல் வழியே நாலு மாடிக் கோபுரத்தைக் காட்டினார். "அடியில பத்திரமா இருக்கு சாமி."

"யாராவது வாசிச்சிருக்கீங்களா?" என்றார் ஆயர்.

"நான் வாசிச்சேன் ஆண்டவரே," என்று வியாகுலம் எழுந்தார். ரெக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்ன எழுதியிருந்தது?"

"மறந்துட்டேன். சாமிதான் அபராதம் கொடுத்தாங்க. ஆறு மாசம் கஷ்டப்பட்டு மறந்தேன்."

"அப்போ யாருக்குமே தெரியாதா?"

"ஏன், சாமிக்குத் தெரியுமே! பாவசங்கீர்த்தனத்துல முழுசா சொன்னேன்."

ஆயர் ரெக்டரைப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் வெளியே விடக் கூடாது. ரெக்டருக்கோ ஒரு எழுத்து விடாமல் நினைவிருந்தது, அதுதான் கொடுமை.

மேடை ஓரத்தில் குழு அவசரமாகக் கூடியது.

"கடிதம் இப்போ எங்கே இருக்கு?" என்றார் கஸ்பார்.

"சாமி தலைக்குள்ள," என்றார் சிஸ்டர்.

"ஒண்ணையும் விடாதீங்கன்னு சொன்னது யாரு?"

"சாமிதான்."

வியாகுலம் ஸ்கேனரைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்தார். ரெக்டர் எதற்கென்றே கேட்காமல் குனிந்தார்.

"குப்புற வேண்டாம் சாமி," என்றார் சிஸ்டர் கண்டிப்பாக. "மல்லாந்து படுங்க. மிஷின் முகத்தைப் பார்க்கக் கூடாது."

எரோணிமுஸ் சாமி இப்போது மலைமேல் இருக்கிறார். பல்கலைக்கழகத்தின் ஆவணங்களில் முதல் கோப்பு, 'நிறுவனர் கடிதம்'. உள்ளே, கண்ணாடியில் அழுந்திய ஒரு வழுக்கைப் பின்மண்டை. ரகசியம் என்பதால் ரெக்டர் தவிர யாரும் திறக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். புது ரெக்டருக்கு இன்னும் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.