காட்டிக்கொடுத்தாளா, பொய் சொன்னாளா?

முன்னொரு காலத்திலே முத்துறை நாட்டை அதிசயராயன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவான். ஒன்றில் மட்டும் மாறவே மாட்டான்: அவன் முத்திரை விழுந்த இடத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

அவன் அவையில் இரத்தினப்பர் என்றொரு வணிகர் இருந்தார். துறைமுகத்தில் பெரிய கிடங்கு கட்டி, "உள்ளே மலை மலையாய் மிளகு! பங்கு வாங்குங்கள், கப்பல் போய்த் திரும்பினால் லாபம்!" என்று ஊரைக் கூப்பிட்டார். பங்குக்கு ஓர் ஓலை கொடுத்தார். கிடங்குக் கதவிலோ அரச முத்திரை! அப்புறம் கேட்கவா வேண்டும்? உப்பளத்துச் சனங்கள் காதில் கழுத்தில் கிடந்ததை எல்லாம் விற்று ஓலை வாங்கினார்கள். பிந்தி வந்தவர் பணத்தில் ஒரு பிடி எடுத்து, முந்தி வந்தவருக்கு "இதோ லாபம்" என்று நீட்டினார் அந்தப் புண்ணியவான். அமைச்சர் தாண்டவராயர் மட்டும் வாங்கவில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் இரத்தினப்பருக்கு ஆகாது.

கிடங்குக்குக் காவல் இருந்தவள் வேலம்மை. முத்திரை வைக்கும் முன் மூட்டை அடுக்கியதைக் கண்ணால் பார்த்தவள். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையோடு ஓலை வாங்க வந்து நின்றாள். வேலம்மைக்குப் பொறுக்கவில்லை.

"வாங்காதீங்க!" என்று கடைத்தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "முன்வரிசைதான் மிளகு. பின்னால அடுக்கியிருக்கிறது பூரா தேங்காய் நாரு!"

மறுநாளே அவளை அவைக்கு இழுத்து வந்தார்கள். பங்கு போட்ட சனங்களும் பதறியடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

"கதவைத் திறந்து பார்த்துவிடலாமே, மன்னா" என்றார் தாண்டவராயர்.

"என் முத்திரையைச் சந்தேகப்படுகிறீரா?" என்று சீறினான் அரசன்.

"ஐயோ, இல்லை. அப்படியானால் இவள் செய்த குற்றம் என்ன என்று வணிகரே சொல்லட்டும். இவள் பொய் சொன்னாள் என்றால் கசையடி. ஆனால் பொய்தானா என்று பார்க்க, அரச முத்திரையே ஆனாலும் உடைக்க வேண்டும். உங்கள் பாட்டனார் போட்ட சட்டம். எசமானைக் காட்டிக்கொடுத்தாள் என்றால் விசாரணையே வேண்டாம். துடுப்பில்லாத கட்டுமரத்தில் ஏற்றிக் கடலில் விட்டுவிடலாம்."

வேலம்மை தலை குனியவில்லை.

இரத்தினப்பருக்கு வாயெல்லாம் பல். கதவும் திறக்க வேண்டாம், இவளும் தொலைவாள்! "காட்டிக்கொடுத்தாள் மன்னா! தின்ற சோற்றுக்குத் துரோகம். காட்டிக்கொடுத்தாள்!"

"நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீரா?"

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுதிக்கொள்ளுங்கள்!"

எழுதியாயிற்று. தாண்டவராயர் தாடியைத் தடவினார். "சரி, எதைக் காட்டிக்கொடுத்தாள்?"

"என் கிடங்கு ரகசியத்தை!"

"கிடங்கில் மிளகு இருப்பது ரகசியமா? நீர்தான் ஊரெல்லாம் கூவி விற்றீரே. இவள் சொன்னது ஒன்றே ஒன்று, நார். இல்லாததை எப்படி ஐயா காட்டிக்கொடுக்க முடியும்?"

அரசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உடையுங்கள் முத்திரையை!" என்று அவனே எழுந்து துறைமுகத்துக்கு நடந்தான். முன்வரிசை மூட்டையைச் சரித்தார்கள். பின்னால் இருந்ததெல்லாம் நார், நார், நார். உப்பளத்துப் பெண்கள் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள்.

அவைக்குத் திரும்பியதும் அரசன் சிரித்துக்கொண்டே, "தாண்டவராயரே, பலே! உமக்கு ஓர் ஊர். வேலம்மை, உனக்கு ஒரு தங்கச் சங்கிலி" என்றான்.

"சங்கிலி வேண்டாம் மகாராசா" என்றாள் வேலம்மை. "இவர் சொத்தை வித்து அந்தச் சனங்க காசைத் திருப்பிக் கொடுங்க. நாளைக்கு இன்னொருத்தி உண்மையைச் சொன்னா, அவளையும் கட்டுமரத்துல ஏத்தாதீங்க. அது போதும். அது கிடைக்காம நான் இங்கருந்து போகமாட்டேன்."

அரசனிடம் இப்படி யார் பேசியிருக்கிறார்கள்? அரசன் அவளையே பார்த்தான். பிறகு, "எழுதுங்கள். மோசடியைச் சொன்னவர் மேல் இந்நாட்டில் ஒரு விரலும் படக்கூடாது. ஏமாந்தவர் பணம் ஏமாற்றியவர் சொத்திலிருந்தே திரும்ப வேண்டும்" என்றான்.

"அப்படியானால் நானும் ஒன்று சொல்கிறேன்!" என்று கத்தினார் இரத்தினப்பர். "உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் முத்திரை போட்டதற்கு மன்னர் என்னிடம் வாங்கியது, அதோ, அந்தக் கழுத்திலே கிடக்கும் முத்துமாலை!"

அரசன் கை வாளுக்குப் போனது.

"மன்னா, சொன்னவர் மேல் விரல் படக்கூடாது என்று நீங்கள் எழுதச் சொன்ன ஓலை இன்னும் என் கையில்தான் இருக்கிறது" என்றார் தாண்டவராயர்.

அரசன் வாளை விட்டான். அவமானத்தில் காது மடலெல்லாம் சிவக்க, மாலையைக் கழற்றி வேலம்மையிடம் நீட்டினான். "இதையும் அவர்கள் பணத்தோடு சேர்." பிறகு இரத்தினப்பரைப் பார்த்து, "சொன்னதற்கு உமக்குத் தண்டனை இல்லை. செய்ததற்கு உண்டு. சிறைக்கு நடவும்" என்றான்.

வெறுங்கழுத்தோடு அரியணையில் அமர்ந்து அவையைச் சுற்றிப் பார்த்தான். "அடுத்து யார் சொல்லப் போகிறீர்கள்?"

சனங்கள் பக்கமிருந்து பத்துக் கைகள் உயர்ந்தன. பாதி அவைக்கு வியர்த்துக் கொட்டியது.