ஷட்டரின் மறுமுனை

துறையூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் கிளைக் கடையை நடத்திவந்த தனகோபால் செத்துப்போனார். அவர் மனைவி செண்பகவல்லி தினமும் வந்து, பூட்டிய ஷட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கம்பெனி மேனேஜர் காரில் வந்தார். கார் போட்டு வருகிறவன் நல்லதுக்கா வருவான்?

"போர்டைக் கழற்றணும்மா. ஒப்பந்தத்துல உங்க பேர் இல்ல, கடை உங்களுக்கு வராது."

"நீங்க கொடுத்த ஓட்டை ஃப்ரீசரால எங்களுக்கு ஆன நஷ்டம்?"

"கேட்க முடியாது. தானும் குடும்பமும் கம்பெனி மேல வழக்குப் போடமாட்டோம்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கார். அது உங்களையும் கட்டும்."

பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"வழக்குன்னா நான் ஒப்பந்தத்துக்கு உள்ள, கடைன்னா வெளியவா? ஒண்ணைச் சொல்லுங்க சார். வெளியன்னா இப்பவே வக்கீல்கிட்ட போறேன்."

மேனேஜர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "சரிம்மா, உள்ளதான். கடையை நீங்களே நடத்துங்க."

"அப்ப அந்த முனையைப் பிடிங்க. இந்த ஷட்டரைத் தூக்கவும் இறக்கவும் ரெண்டு பேர் வேணும். அந்தப் பக்கம் எப்பவும் அவர்தான் பிடிப்பார்."

எல்லோரும் பார்க்க, மேனேஜர் குனிந்து பிடித்தார். ஷட்டர் ஏறியது. கார் போய்விட்டது.

சாயங்காலம் கடையைச் சாத்தும்போது, பழக்கத்தில் "பிடிங்க" என்றாள். மறுமுனையில் யாரும் இல்லை.