ஆறு பேருக்கு மூன்று கிழங்கு

அல்லிக்குட்டைக் கரையில் ஒரு நண்டு இருந்தது. பெயர் பத்துக்காலார். காட்டில் யார் எதைக் கொண்டுவந்தாலும், கரையோரத் தட்டைக் கல்லில் வைத்துப் பங்கு பிரிப்பது அவர்தான்.

அவருக்குத் தெரிந்தது ஒரே வெட்டு. எதைக் கொடுத்தாலும் பத்துத் துண்டு. காலுக்கு ஒரு துண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பத்துக் காலுக்கும் வந்துவிட்டால் கணக்குச் சரி. பிறகு ஆளுக்குச் சமமாகப் போடுவார். ஆளுக்கு ஒன்று போடப் போதாமல் மிஞ்சினால், மிஞ்சிய ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக வெட்டுவார். கல் காலியாகும் வரை இதே வேலைதான். "மூன்றாக வெட்டினால் என்ன?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

பங்குச் சண்டை பொறுக்காமல் யானையார் மூன்று சட்டம் போட்டிருந்தார். கல் காலியாகும் வரை யாரும் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கக் கூடாது. பசியென்று கல்லுக்கு வந்தவரை விரட்டக் கூடாது. பொழுது சாய்வதற்குள் பங்கு முடியாவிட்டால், போட்ட பங்கும் மிச்சமும் எல்லாமே சாட்சிக்குப் போய்விடும்.

சாட்சி யார்? செவலையன் என்ற நரி. யாரும் அதைக் கூப்பிடவில்லை. தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்து பார்த்ததில் நரிக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாலு பேர் ஒரு பழம் கொண்டுவந்தால் ஆளுக்கு இரண்டு துண்டு போக இரண்டு மிஞ்சும். அதை வெட்டினால் இருபது. ஆளுக்கு ஐந்து, முடிந்தது. ஆனால் மூன்று பேர் வந்தால்? ஆளுக்கு மூன்று போக ஒன்று மிஞ்சும். அதை வெட்டினாலும் ஒன்று மிஞ்சும். வெட்ட வெட்ட ஒன்று மிஞ்சிக்கொண்டே இருக்கும். கடைசியில் பத்துக்காலார் கண்ணை வெளியே நீட்டிக்கொண்டு கல்லில் ஒரு பொடியைத் தேடிக்கொண்டிருப்பார். பொழுது சாய்ந்துவிடும்.

முடிகிற பங்குக்கு உங்கள் கணக்குப் புத்தகத்தில் முடிவுறு தசமம் என்று பெரிய பெயரே வைத்திருக்கிறார்கள். நரிக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. வயிறு நிறைகிற வழி மட்டும் தெரியும்.

இரண்டு குரங்குகள் பழத்தோடு வந்தால், "பாவம், அந்தப் பன்றியும் பட்டினி!" என்று ஒரு பன்றியைக் கூட்டிவரும். மூன்று பேராகிவிடும். ஐந்து மைனாக்கள் வந்தால் ஒரு கௌதாரியைக் கூட்டிவரும். ஆறாகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் நரியின் நல்ல மனசைப் புகழ்ந்துவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. குட்டைத் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. தோண்டாயி என்ற பெருச்சாளியின் மூன்று குட்டிகளும் இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் வளைக்குள் சுருண்டு கிடந்தன.

தோண்டாயி, முள்ளம்பன்றி, முயல், அணில், குரங்கு ஐந்து பேரும் சேர்ந்து காடெல்லாம் அலைந்து ஒரு வள்ளிக்கொடியைக் கண்டுபிடித்தார்கள். அடியில் மூன்று கிழங்கு, மூன்றும் ஒரே அளவு. இரண்டைத் தோண்டி எடுத்தார்கள். "மூணாவது மண்ணுக்குள்ளயே இருக்கட்டும், நாளைக்கு ஆகும்" என்றது முள்ளம்பன்றி.

இரண்டையும் கல்லில் வைத்தார்கள். நரி ஐந்து பேரையும் எண்ணிவிட்டு எழுந்து போனது. திரும்பி வரும்போது கூடவே ஒரு காட்டுக்கோழி.

"இதுவும் பசின்னு சொல்லுச்சு. பெரிய மனசு பண்ணுங்க" என்றது நரி.

ஆறு பேர். சட்டம் சட்டம்தானே! பத்துக்காலார் வெட்டத் தொடங்கினார். இரண்டு கிழங்கில் இருபது துண்டு. ஆளுக்கு மூன்று போக இரண்டு மிஞ்சியது. இரண்டையும் வெட்டினார். இருபது சிறு துண்டு. ஆளுக்கு மூன்று போக மறுபடி இரண்டு மிஞ்சியது. மாலை வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது.

தோண்டாயி நரியிடம் போனது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நாங்க எப்ப வந்தாலும் மிஞ்சிக்கிட்டே போகுதே, ஏன்?"

நரிக்கு ஜெயித்த மிதப்பு. வாய் சும்மா இருக்குமா?

"இன்னைக்குச் சொல்றேன் தங்கச்சி, கேட்டுக்க. பத்துன்னா ரெண்டு அஞ்சு, அதுக்குள்ள ரெண்டும் அஞ்சும்தான் இருக்கு. வந்த ஆளுங்களை ரெண்டு ரெண்டாவும் அஞ்சு அஞ்சாவும் பிரிச்சுக்கிட்டே போ. ஒண்ணுல வந்து நின்னா பங்கு முடியும். வேற ஏதாவது ஒட்டிக்கிட்டு நின்னா முடியாது. நீங்க ஆறு பேரு. ஆறை ரெண்டாப் பிரிச்சா மூணு. மூணை என்ன பண்ணுவ?"

"அப்ப அந்த மூணுதான் கெடுக்குதா?"

"அதேதான்! அந்த மூணு இருக்கற வரைக்கும் என் வயிறு நிறையும்."

தோண்டாயி ஆளையும் கிழங்கையும் விரல் விட்டு எண்ணியது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"எங்ககிட்ட இன்னொரு கிழங்கு இருக்கு. அதையும் கல்லுல வைக்கலாமா?"

நரிக்கு நாக்கு ஊறியது. இரண்டு கிழங்கு மூன்றாகிறது, வேண்டாம் என்பதற்கு அதற்குப் பைத்தியமா?

"ஓடு, ஓடு! பொழுது இருக்கறப்பவே கொண்டா!"

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ரெண்டு போனது போதாதா? நாளைக்கு உன் குட்டிங்களுக்கு என்னத்தைக் கொடுப்ப?"

"இன்னைக்கு இல்லேன்னா என் குட்டிங்களுக்கு நாளைக்கே இல்ல. என்னை நம்பு அக்கா" என்றது தோண்டாயி. ஓடிப்போய்த் தோண்டி, கிழங்கை இழுத்துக்கொண்டு வந்து கல்லில் போட்டது.

மிஞ்சிய இரண்டை ஓரமாக வைத்துக் காத்திருந்த பத்துக்காலார் அதை வெட்டினார். பத்துத் துண்டு. ஆளுக்கு ஒன்று போக நாலு மிஞ்சியது.

"முன்னாடி ரெண்டு சின்னதுதான் மிஞ்சிச்சு, இப்ப நாலு பெருசும் சேந்துக்கிச்சு. நல்லாப் பாத்த போ!" என்று அணில் தலையில் கை வைத்துக்கொண்டது. நரி வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தது. வெயில் உச்சிக் கிளையின் கடைசி இலையில் நின்றது.

பத்துக்காலார் அந்த நாலையும் பத்துப் பத்தாக வெட்டினார். நாற்பது சிறு துண்டு. ஏற்கனவே அதே அளவில் மிஞ்சிக் கிடந்த இரண்டையும் பக்கத்தில் தள்ளினார். நாற்பத்திரண்டு. ஆளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே வந்தார். ஆளுக்கு ஏழு போட்டு முடித்தபோது கல்லில் ஒன்றும் இல்லை. கொடுக்கால் ஒருமுறை கல்லைத் துடைத்தும் பார்த்தார்.

"பங்கு முடிஞ்சது. சாப்பிடுங்க" என்றார்.

நரி துள்ளி எழுந்தது. "அதெப்படி? ஆறுக்குள்ள மூணு இருக்கே! முடியக் கூடாதே!"

"இருக்கு அண்ணே. ஆனா கிழங்கும் மூணாச்சே" என்றது தோண்டாயி. "கிழங்கை மேலயும் ஆளைக் கீழயும் வச்சுப் பாருங்க, கீழ இருக்கற மூணும் மேல இருக்கற மூணும் அடிபட்டுப் போச்சு. ஆறு பேருக்கு மூணு கிழங்குன்னா ரெண்டு பேருக்கு ஒண்ணு. உங்க துண்டுங்களை எல்லாம் சேத்து வச்சுப் பாருங்க, ஆளுக்குச் சரியா அரைக் கிழங்கு. ரெண்டுன்னா பங்கு முடியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

காட்டுக்கோழி முதலில் சிரித்தது. அப்புறம் குரங்கு. அப்புறம் பத்துக்காலாரே சிரித்தார். அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. தோண்டாயி தன் அரைக் கிழங்கை அள்ளிக்கொண்டு வளைக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மூன்று குட்டிகளும் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாளிலிருந்து கல்லுக்கு வருகிறவர்கள் ஆளையும் எண்ணினார்கள், கொண்டுவந்ததையும் எண்ணினார்கள், இரண்டையும் சுருக்கிப் பார்த்த பிறகே கல்லில் வைத்தார்கள். நரி நாலு நாள் வந்து சும்மா உட்கார்ந்து பார்த்தது. ஐந்தாம் நாள் வேறு காட்டுக்குச் சாட்சி சொல்லப் போய்விட்டது.

மேலே எத்தனை, கீழே எத்தனை என்று இரண்டையும் சேர்த்துச் சுருக்கிப் பார்க்காமல் "முடியாது" என்று துள்ளுகிறவன், பிறரைப் பட்டினி போடப் போய்த் தானே பட்டினி கிடப்பான்.