வளர்ந்துபோன ஸ்டாண்டு

அம்பாசமுத்திரத்து அரிசி மில் முதலாளி ஆறுமுகநயினாருக்கு உயரம் கொஞ்சம் கம்மி, கோபம் ரொம்ப ஜாஸ்தி. அப்பா விட்டுப்போன பழைய புல்லட்டில் ஏறினால் கால் தரைக்கு எட்டாது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் யாராவது ஓடிவந்து பிடிக்க வேண்டும்.

ஒருநாள் மெக்கானிக் சூசையைக் கூப்பிட்டார். சூசையின் பட்டறை இருப்பது அவர் கட்டிடத்தில்.

"ஏலே, என் கால் தரையில பதியணும். ஆனா வண்டியை இறக்குனதா ஒரு வார்த்தை உன் வாயிலருந்து வந்துது, பட்டறையைக் காலி பண்ணிரு. அப்பா போட்ட சைடு ஸ்டாண்டுல மட்டும் கை வைக்காத."

"வண்டியை இறக்குனா ஸ்டாண்டையும் வெட்டணும் முதலாளி."

"சொன்னதைச் செய்யி."

சூசை செய்தான். பின்பக்க ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, சீட்டைச் சப்பையாக்கினான். பார்க்கிறவன் கண்ணை ஏமாற்ற, ஹேண்டில்பாரை மாட்டுக்கொம்பு மாதிரி தூக்கி வைத்தான்.

முதலாளி டீக்கடை வாசலில் கம்பீரமாகக் காலூன்றி இறங்கினார். சூசையும் அங்கேதான் நின்றிருந்தான்.

"நம்ம உயரத்துக்கு வண்டி பத்தல. அதான் ஏத்திக் கட்டச் சொன்னேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் திரும்பினார். வண்டி நட்டமாக நின்று யோசித்தது. அப்புறம் வலது பக்கமாகத் தொப்பென்று விழுந்தது.

டீக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "ஏத்துன வண்டிக்கு ஸ்டாண்டு எட்டாமல்லா போகும்? இது நீளமால்லா இருக்கு! என்னடே சூசை?"

முதலாளி சூசையை முறைத்தார்.

சூசை சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டான். "ஸ்டாண்டு வளந்துட்டு அண்ணாச்சி. முதலாளி வீட்டு ஸ்டாண்டுல்லா, வளராம இருக்குமா?"

கடை மொத்தமும் முதலாளியின் வாயைப் பார்த்தது. இல்லையென்று சொன்னால் வண்டியை இறக்கிய கதை வெளியே வந்துவிடும்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஆமா, எங்க வீட்ல எல்லாமே வளத்திதான். ஏலே சூசை, காலையில வந்து அதைக் கொஞ்சம் வெட்டிரு."