கத்துகிற தகடு

போஜனின் பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். இடதுபுறம் முழுக்க நசுங்கியிருந்தது. கோத்தகிரி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், பாறையில் உரசித்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறான். பின்னால் தேயிலை பறிக்கிற பெண்கள் ஒன்பது பேர். அதில் ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. பாறைக்கு எதிர்ப்பக்கம் பள்ளம்.

மேட்டுப்பாளையத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பை நடத்துபவள் ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்கும் மருதாசலத்துக்கு ஐம்பத்திரண்டு. நூல் மில்லை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தவர். அவர் அவளை அம்மணி என்பார். அவள் அண்ணா என்பாள். அண்ணா என்று சொல்லிக்கொண்டேதான் தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள்.

ஜெசிந்தா தானே உட்கார்ந்து இடது சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் பேட் தேய்ந்து தீர்ந்து, அதன் அடி இரும்பு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை உழுதிருந்தது. பேட்டின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு தகடு இருக்கும். பேட் தேய்ந்துவிட்டால் அது டிஸ்க்கில் பட்டுக் கீச்சென்று கத்தும். கத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்தத் தகடு டிஸ்க்கில் படாதபடி வெளிப்பக்கமாக மடங்கிக் கிடந்தது. அதில் இடுக்கியின் பல் தடம்.

"இது யார் பண்ணுன வேலை?"

"நாந்தானுங்க அம்மணி," என்றார் மருதாசலம். "போன மாசம் நீங்க கோயமுத்தூர் போயிருந்தப்ப போஜன் வந்தாப்ல. சத்தம் தாங்க முடியல, அதை மட்டும் நிறுத்திக் குடுங்கன்னாப்ல. கேரட் லோடு அவசரம், அடுத்த வாரம் வந்து பேட் மாத்திக்கறேன்னாப்ல. வரலீங்க."

"அது எதுக்குக் கத்துதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் மடக்கியிருக்கீங்க."

அவள் இடுக்கியை எடுத்து ரோட்டில் வீசினாள். பிறகு ஆரம்பித்தாள். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து நின்று கேட்டார்கள். போஜனையும் விடவில்லை. "உன் காது பத்திரமா இருக்கா போஜா? அந்தம்மா கைக்கு என்ன சொல்லப்போற?" அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மருதாசலத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பு தன்னுடையது என்பது தெரிந்தும் எரிந்தது. கூட்டம் கலைந்ததும் அவள் முன்னால் போய் நின்றார்.

"தப்புதானுங்க. இல்லைங்கல. ஆனா நாலு பேர் முன்னால இப்படிக் கத்துனா நான் மனுசனா இருக்கறதா, வேண்டாமா? உங்களைவிட மூத்தவன். இனிமே என்னைப் பார்த்துக் கத்தாதீங்க. கத்துனா நாளைக்கு வரமாட்டேன்."

ஜெசிந்தாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கீழே கிடந்த பழைய பேட்டிலிருந்து அந்தத் தகட்டைப் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரிங்ணா," என்றாள். "போய் வேண்டிய சாமானை நீங்களே பார்த்து வாங்கிட்டு வாங்க. நீங்களே மாட்டுங்க."

ஸ்பேர் கடையில் இரண்டு விதமான பேட் எடுத்து வைத்தார்கள். ஒன்றில் தகடு உண்டு, இன்னொன்றில் இல்லை. மருதாசலம் தகடு உள்ளதையே எடுத்தார். இரண்டு சக்கரத்துக்கும் எடுத்தார்.

"டிஸ்க்?" என்றார் கடைக்காரர். "கோயமுத்தூர்ல இருந்து வரணும். நாளன்னிக்கு ஆயிரும்."

கூட வந்திருந்த போஜன் பதறினான். "நாளைக்கு எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்தணும். பேட் புதுசுதானே, போதாதா?"

மருதாசலம் யோசித்தார். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கலாம்," என்றார்.

தேய்த்தார். உழுத தடம் அப்படியேதான் இருந்தது. ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"பழைய டிஸ்க்கே இருக்கட்டுங்களா அம்மணி?"

"உங்க இஷ்டங்ணா."

என்ன மென்மையான குரல். பேட்டை மாட்டினார், சக்கரத்தைப் பூட்டினார். ஒரு திட்டு இல்லை. மூன்று வருஷத்தில் இப்படி ஒரு மத்தியானம் அவருக்கு வாய்த்ததில்லை. ஒருநாள் எதிர்த்துப் பேசியதற்கே இவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டார். வேலை முடிந்து போஜனிடம் சாவியை நீட்டினார். ஜெசிந்தா நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல நம்ம ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வரலாம். நீங்க ஓட்டுங்க."

கோத்தகிரி ரோட்டில் முதல் நான்கு வளைவு ஏறி, வண்டியைத் திருப்பி இறங்கினார்கள். அவள் பெல்ட் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கன்னத்தில் தெரிந்தது.

வளைவுக்கு முன்னால் மருதாசலம் பிரேக்கை மிதித்தார். மிதி காலுக்கடியில் துடித்தது. வலது சக்கரம் பிடித்தது, உழுத டிஸ்க்கில் பேட் படியாமல் இடது சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு வலதுபக்கம், பள்ளத்துப் பக்கம் இழுத்தது. கைபிரேக்கையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். வண்டி நின்றபோது முன்சக்கரத்துக்கும் தடுப்புக் கல்லுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

எஞ்சினை அணைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாளைக் காலையில் பின்னால் ஏறி உட்காரப்போகிறவர்கள் அவருக்கு ஞாபகம் வந்தார்கள்.

"டிஸ்க்கை மாத்தாம ஆகாதுங்க," என்றார். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"நீங்க உப்புத்தாளை எடுத்தப்பவே தெரியும்."

மருதாசலத்துக்கு இப்போது கோபம் வந்தது. வாழ்நாளில் வராத கோபம்.

"தெரிஞ்சுட்டே பக்கத்துல உக்காந்து வந்தீங்களா? நீங்களும் சேர்ந்துல்ல செத்திருப்பீங்க? ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டாமா?"

ஜெசிந்தா சட்டைப் பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காலையில நீங்கதானே என் சத்தத்தையும் மடக்கி விட்டீங்க," என்றாள்.