வேதாசலத்தின் நெஞ்செரிச்சல்

கொள்ளிடக்கரை மடத்தில் வேதாசலத்தைத் தாண்டித்தான் யாரும் சாமியைப் பார்க்க முடியும். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சாமிக்கு ஆறு வயது மூத்த சீடர். மனத்தாங்கலோடு வருகிறவர்கள் முதலில் வாசலில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் கொட்டுவார்கள். பாதிப் பேர் சாமியைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அப்படிப் பதினோரு வருஷம் கேட்டதையெல்லாம் அவர் நான்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். சமையல்காரரைப் பற்றி மேலாளர் சொன்னது, மேலாளரைப் பற்றி மேலாளரின் மச்சான் சொன்னது, தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருந்தது. டிப்போ பழக்கம் சுடுகாடு மட்டும் போகும்.

குருபூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. பூஜையன்று சபையில் எழுந்து அவரவர் மனதில் உள்ளதைச் சொல்வது அந்த மடத்தின் வழக்கம்.

"நாளன்னிக்கு நாலு நோட்டையும் படிக்கப்போறேன் சாமி," என்றார் வேதாசலம்.

"படிச்சா மடம் ரெண்டாயிடுமே?"

"நாலா ஆனாலும் சரி. எல்லார் கோபத்தையும் முழுங்கி முழுங்கி எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்."

சாமி துறவுக்கு முன்னால் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். வேதாசலத்தையும் வரச்சொல்லி, எண்ணெய் ஊற்றும் புனலையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு மடத்துக் குளத்துக்கு நடந்தார்.

முழங்கால் தண்ணீரில் வேதாசலம் புனலைக் கவிழ்த்துப் பிடித்து, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். சாமி மூங்கில் கழியால் அடிச்சேற்றைக் கிளறினார். கொப்புளங்கள் குபுகுபுவென்று புனலுக்குள் ஏறின.

"விரலை எடுத்துட்டுப் புனலை அமுக்குங்க," என்று சாமி தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார்.

நீலமாக ஒரு தீ எழுந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வேதாசலத்தின் மீசையில் இடது பாதி போய்விட்டது. முப்பது வருஷத்து மீசை. அவருக்கு அழுகையே வந்தது.

சாமி பத்தடி தள்ளிக் கிளறாத இடத்தைக் காட்டினார். அங்கே புனலைக் கவிழ்த்து அரைமணி நேரம் நின்றும் ஒரு கொப்புளம் வரவில்லை.

"இங்க வாயு இல்லையா சாமி?"

"அதே சேறுதான். அடியில ஊறிக்கிட்டேதான் இருக்கு. சேத்தோட மேல்தோல்ல கண்ணுக்குத் தெரியாத உசிருங்க இருக்கு. கீழேருந்து கசிஞ்சு வர்ற வாயுவ அதுங்க தின்னுடும். கழிய விட்டுக் கிளறினாத்தான் அதுங்க வாய்க்குத் தப்பி மேல வருது."

வேதாசலம் மிச்ச மீசையைத் தடவினார்.

"நோட்டைப் படிக்காதேங்கறீங்க. புரியுது. ஆனா அதுங்களுக்கு அது சாப்பாடு. எனக்கு அப்படியா?"

"இல்லதான். அப்ப உங்களுக்கு ஏன் கஷ்டம்? நாளைக்குத் தோட்டக்காரக் குப்பண்ணன் வாசல்ல உக்காரட்டும். நீங்க பூப் பறிங்க."

வேதாசலத்துக்குத் தலைப்பாரம் இறங்கியது போலிருந்தது.

மறுநாள் காலை நந்தியாவட்டைச் செடியருகே அவர் நின்றிருந்தபோது, சமையல்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். வேதாசலத்தின் கை நின்றுவிட்டது. காற்று எதிர்த்திசையில் அடித்ததால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. பிறகு மேலாளரின் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். குப்பண்ணன் கொட்டாவி விட்டதுதான் தெரிந்தது.

மத்தியானம் இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது. வேதாசலம் நான்கு நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு சாமியிடம் வந்தார்.

"குப்பண்ணன்கிட்ட விசாரிச்சேன், அவனுக்குக் கேக்கத் தெரியல சாமி. அந்தப் பொம்பளை பாதி சொல்லும்போதே, 'சரி விடும்மா'ன்னு அனுப்பிட்டான். அப்புறம் என்ன ஆச்சுன்னு அவனுக்கே தெரியல. இவனெல்லாம் ஒரு மனுஷனா?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

"இந்த நோட்டை நீங்களே வெச்சுக்குங்க. அடுப்புல வேணும்னாலும் போடுங்க. எனக்கு வாசலைக் குடுங்க."

"நெஞ்செரிச்சல்னு சொன்னீங்களே?"

வேதாசலம் கொஞ்சம் யோசித்தார். அவர் பொய் சொல்லாதவர்.

"இன்னிக்கு ஒருத்தர் குறையும் கேக்கல சாமி. இருந்தும் எரியுது. நேத்தைவிட அதிகமா எரியுது."

சாமி நோட்டுகளை வாங்கிக் கீழே வைத்தார்.

"அது பசி ஐயா," என்றார்.